கரையானுக்குக் கணக்கு இல்லை

ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசு எங்கள் பள்ளியில் கிடையாது. ஆய்வகத்தில் இருந்த பழைய தராசின் எடைக்கற்கள் நான் வேலைக்கு வருவதற்கு முன்பே பாதி தொலைந்துபோயிருந்தன. அதனால் 2016 ஜூலைக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, ஐந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் அடகுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் என் கழுத்துச் சங்கிலியைத்தான் பார்த்தார். நான் பையிலிருந்து எடுத்து வைத்தவை மண் கறை படிந்த தேநீர்ப் பைகள்.

"இது இன்னா டீச்சர்?"

"டீத்தூள்தாங்க. மூணு மாசம் மண்ணுல பொதைச்சு வெச்சிருந்தோம். எவ்ளோ கொறைஞ்சிருக்குன்னு பாக்கணும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தராசுத் தட்டின் மேல் வெள்ளைத் தாளை விரித்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, "தங்கம் வைக்கிற தட்டு, மண்ணு சிந்தாம வைங்க" என்றார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். மோதிரத்தை மீட்க வந்த ஒருவர் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "பச்சை நூலு கட்டினதுதான் ரொம்ப எளைச்சிருக்கு" என்றார். ஆராய்ச்சி முடிவை எங்களுக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

அந்தப் பைகளின் ஜோடிப் பைகள் அதே மூன்று மாதம் நெதர்லாந்தில் ஒரு காட்டு மண்ணுக்குள் இருந்தன. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாகப் பல வருஷம் வேலை பார்த்தேன். காடு என்றால் என்ன என்பதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது அந்த வருஷம்தான். அதற்கு முன்பெல்லாம் சொல்லிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடப் புத்தகத்தில் காடு எப்போதும் வேறெங்கோ இருக்கும். அமேசான், காங்கோ, கொஞ்சம் பக்கத்தில் வந்தால் சைலண்ட் வேலி. ஒருமுறை எட்டாம் வகுப்பில் காட்டை வரையச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், அடியில் ஒரு சிங்கம் என்று வரைந்தார்கள். வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் ஐயனார் கோயில் காடு தெரியும். அதை ஒருவர்கூட வரையவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது கோயிலு டீச்சர்" என்றாள் ஒரு பெண். அவள் சொன்னதில் தப்பில்லை. அதைக் காடு என்று நானும் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

அதற்குப் பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. இந்தியக் காடுகளை வகைபிரித்து சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட நூலில் இது தனி வகை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த வி. எம். மெஹர்-ஹோம்ஜி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலிலும் இலை உதிர்க்காமல் நிற்கிற குட்டைக் காடு இது. இலையைத் தொட்டால் தோல் மாதிரி தடிப்பாக இருக்கும். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. இன்று பெரும்பாலும் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த துண்டுகள்தான் மிச்சம். கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வர ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊர்க் காடு அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் காசா மரம் இருக்கிறது. சங்க இலக்கியம் காயா என்று சொல்லும் அதே மரம், பூத்தால் கிளையெல்லாம் நீலம். வீரை, பாலை, இரும்புலி உண்டு, கருங்காலி இரண்டோ மூன்றோ. மோதிரக்கண்ணிக் கொடியின் சுருண்ட கொக்கியைப் பிய்த்துப் பெண்பிள்ளைகள் விரலில் மாட்டிக்கொள்வார்கள். சூரை முள்ளுக்கு என் சேலைகளில் நாலைந்து பலி.

தேசிய பசுமைப் படை 2001-இல் தொடங்கியதும் பொறுப்பாசிரியர் பதவி என் தலையில் விழுந்தது. 'தலையில் விழுந்தது' என்றுதான் அப்போது சொன்னேன். பசுமைப் படை என்றால் ஜூன் 5-ஆம் தேதி ஊர்வலம், பதாகை, மரம் நடுதல். வெளிநாட்டு ஒத்துழைப்பும் அந்த வழியில்தான் முதலில் வந்தது. ஒரு வேனில் ஒரு தொண்டு அமைப்பின் விருந்தினர்கள் வந்து இறங்கினார்கள். மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் கொண்டுவந்து ஆளுக்கொன்று நட்டு, எங்கள் பிள்ளைகளின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிட்டார்கள். மயில்கொன்றைக்கு மடகாஸ்கர் பூர்வீகம், தூங்குமூஞ்சிக்குத் தென் அமெரிக்கா. அந்த வகையில் அது சர்வதேச நிகழ்ச்சிதான். பொங்கலுக்குள் ஆடுகள் அதை முடித்துவைத்தன. விருந்தினர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்தான் மறுவாரம் போய் ஒரு செடியையாவது பார்த்தேனா என்றால், இல்லை. நட்டதோடு பாடம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

இப்போது கேட்டால் கறாராகவே சொல்வேன்: காட்டைக் கற்பிக்க மிக மோசமான வழி மரம் நடும் விழா. பிள்ளை குழிக்குள் ஒரு குச்சியை வைக்கிறது. அங்கே முன்பு என்ன இருந்தது, பின்பு என்ன ஆனது என்பது அதற்குத் தெரியாது.

2015 கடைசியில் ஒரு டச்சுப் பெண் வந்தாள். ஆசிரியப் பயிற்சியில் இருந்தவள். ஆரோவில் பக்கம் தங்கி, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளிக்கு வருவாள். "என்ன நடலாம்?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "இங்கே தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டாள். தட்டுத் தடுமாறிய தமிழில் கேட்டதால் பிள்ளைகள் குடிதண்ணீர்க் குழாயைக் காட்டினார்கள்.

அதற்காக நாங்கள் செய்த முதல் பாடம் பால்பவுடர் டப்பா. அடிப்பக்கத்தை வெட்டி எடுத்த டப்பாவை மண்ணில் இரண்டு விரற்கடை இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உள்ளே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பது. முதலில் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற வெட்ட செம்மண் மேடு. தண்ணீர் டப்பாவுக்குள் கிணறு மாதிரி நின்றது. பையன்கள் சலித்துப்போய்க் கில்லி விளையாடப் போய்விட்டார்கள். அதே டப்பாவைக் கோயில் காட்டுக்குள் சருகை விலக்கி இறக்கினோம். ஊற்றி முடித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் தண்ணீரைக் காணோம். "டீச்சர், டப்பா ஓட்டை" என்றான் ஒருவன். அடியே இல்லாத டப்பா!

அந்த ஒரு லிட்டரை வைத்து ஒரு மாதம் பேசினோம். இந்தப் பக்கத்து மண் ஏன் இப்படி இறுகிப்போனது? பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பதில் தெரியும்: இரும்பையில் கடுவெளிச் சித்தர் விட்ட சாபம். கதையை நான் மறுக்கவில்லை. சாபம் எந்த வழியாக வேலை செய்தது என்று மட்டும் கேட்டேன். மரம் போனது, மேல்மண் போனது, மழை ஓடையை வெட்டி மண்ணைக் கடலுக்கு இழுத்தது, ஆடு மிச்சத்தை மேய்ந்தது. 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கியபோது படங்களில் தெரிகிற இடம் அநேகமாக மொட்டைச் செம்மண்தான். அந்த மண்ணில் வெளிநாட்டு இளைஞர்களும் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, கோட்டக்கரை ஆட்களும் சேர்ந்து முதலில் போட்டது வரப்பு. மழை விழுந்த இடத்திலேயே நிற்கட்டும் என்று. என் மாணவர்கள் சிலருடைய தாத்தாக்கள் அதில் கூலிக்கு மண் வெட்டியவர்கள். ஒரு தாத்தாவை வகுப்புக்கே கூட்டி வந்தோம். "சட்டை போடாத வெள்ளைக்காரன் எனக்குச் சமமா மண்ணு சொமந்தான், அதான் முதல் அதிசயம்" என்றார். காட்டைப் பற்றி அவர் அதற்கு மேல் அன்று பேசவில்லை. வரப்பை எந்தச் சரிவில் எவ்வளவு உயரத்தில் போட வேண்டும் என்று மட்டும் மைதானத்தில் கோடு கிழித்துக் காட்டினார். டச்சுப் பெண் தன் நோட்டில் அந்தக் கோட்டை அப்படியே வரைந்துகொண்டாள்.

வரப்புக்குப் பிறகு வந்தது ஆஸ்திரேலிய அகேசியா. ஆரோவில் பக்கத்தில் 'வொர்க் ட்ரீ' என்பார்கள், வேலைக்கார மரம். எந்தக் கெட்ட மண்ணிலும் வளரும், காற்றின் தழைச்சத்தை வேரில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும், நிழல் தரும். அந்த நிழலில் உள்ளூர் மரங்களை வளர்க்கலாம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் ஊரைச் சுற்றி விழுந்து கிடந்தவற்றில் அகேசியாதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கோயில் காட்டில் கிளைகள் முறிந்திருந்தன, மரங்கள் நின்றன. பள்ளி திறந்ததும் நான் பிள்ளைகளைக் கூட்டிப் போய் எந்த மரம் வேரோடு சாய்ந்தது, எது நடுவில் முறிந்தது, எது நிற்கிறது என்று எண்ண வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. இன்றுவரை எனக்கு அது ஒரு குறை. அப்படி ஒரு பாடம் திரும்ப வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்ள முடியும்.

சரி, தேநீர்ப் பைக்கு வருகிறேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை இது. 2013-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. உலகத்தின் எந்த மண்ணிலும் இலைதழை எவ்வளவு வேகமாக மக்குகிறது என்று பார்க்க எல்லாரிடமும் ஒரே மாதிரி இலை இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் பிடித்தது லிப்டன் தேநீர்ப் பை. பச்சைத் தேயிலை ஒன்று, தென்னாப்பிரிக்கச் செடியான ரூய்போஸ் ஒன்று. நைலான் வலைப் பை மக்காது, உள்ளே இருப்பது மட்டும் மக்கும். எடை போட்டு 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாள் கழித்து எடுத்து, காயவைத்து, திரும்ப எடை போட வேண்டும். பச்சைத் தேயிலை சட்டென்று மக்கி ஓரளவில் நின்றுவிடும். எவ்வளவு மிச்சம் மண்ணில் தங்குகிறது என்பதை அது சொல்லும். ரூய்போஸ் நிதானமாக மக்கும்; வேகத்தை அது சொல்லும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். பல நாடுகளில் செய்கிறார்கள்.

டச்சுப் பெண் படித்த ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஒன்று ஜோடி சேர ஒத்துக்கொண்டது. பைகள் அங்கிருந்து வந்தன. ஒரே நாளில் இரண்டு இடத்திலும் புதைப்பது என்று ஏப்ரல் நடுவில் தேதி குறித்தோம். அவர்களுக்கு வசந்தம் தொடங்கும் காலம், எங்களுக்கு முழுப் பரீட்சை நேரம். மூன்று இடம் தேர்ந்தெடுத்தோம்: வெட்ட மேடு, அகேசியாத் தோப்பு, கோயில் காடு. கோயில் காட்டுக்குப் பூசாரியிடம் அனுமதி கேட்டோம். ரொம்ப யோசித்தார். "உள்ளே இரும்பு வரக் கூடாது. மண்வெட்டி, கடப்பாரை எதுவும் ஆகாது. கையால நோண்டிக்கோங்க" என்றார். ஆகவே கோயில் காட்டில் கொட்டாங்குச்சியால் குழி தோண்டினோம். மேட்டில் கடப்பாரைக்கே இறங்காத மண், இங்கே கொட்டாங்குச்சிக்கு வழிவிட்டது. அதையும் ஒரு மாணவி தன் நோட்டில் அளவீடாக எழுதி வைத்தாள்: "மேடு – கடப்பாரை. தோப்பு – களைக்கொத்து. கோயில் – கொட்டாங்குச்சி." எந்த மண்ணியல் பாடத்திலும் இவ்வளவு சுருக்கமான அட்டவணையை நான் பார்த்ததில்லை.

ஐஸ் குச்சியில் எண் எழுதி நட்டுக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டிவந்த ஆயா ஒருத்தி நின்று பார்த்தாள். "இன்னாம்மா பண்றீங்க?"

"டீத்தூள் பொதைக்கிறோம் ஆயா."

"மொளைக்குமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டச்சுப் பெண் மட்டும் சிரிக்காமல் என்ன கேட்டாள் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஆயா, மொளைக்காது. எவ்ளோ சாகுதுன்னு பாக்கறோம்" என்றாள். ஆயா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மே மாதம் டச்சுப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். இப்படிப்பட்ட வேலைகள் சாகிற இடம் அதுதான். வந்தவர் போனதும் பதாகை சுருண்டுவிடும். இந்த முறை மண்ணுக்குள் பை இருந்தது, தேதி குறித்திருந்தது, அந்தப் பக்கத்தில் முகம் தெரியாத பிள்ளைகள் எங்கள் எண்ணுக்குக் காத்திருந்தார்கள். ஜூலையில் தோண்டினோம்.

வெட்ட மேட்டில் ரூய்போஸ் கிட்டத்தட்ட போட்டபடியே வந்தது. அகேசியாத் தோப்பில் கொஞ்சம் குறைந்திருந்தது. கோயில் காட்டில் பச்சைத் தேயிலை நன்றாக மக்கியிருந்தது; ஆனால் அங்கே புதைத்தவற்றில் பல பைகள் பொத்தல் பொத்தலாக இருந்தன. இரண்டில் தேயிலையே இல்லை. உள்ளே செம்மண் குழாய்கள். கரையான்.

முறைப்படி, கிழிந்த பையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எடை இழப்பு மக்கியதால் வந்ததா, சிந்தியதால் வந்ததா என்று தெரியாது அல்லவா? அதை விளக்கிச் சொல்லி அந்தப் பைகளை ஓரமாக வைத்தேன். கடைசி பெஞ்சில் உட்காருகிற, பரீட்சையில் ஒருமுறைகூட நாற்பதைத் தாண்டாத பையன் ஒருவன் எழுந்தான்.

"கரையான் தின்னா அது மக்குறதுல சேராதா டீச்சர்?"

"பையோட கண்ணு ரொம்பச் சின்னதுப்பா, நுண்ணுயிர், குட்டிப் பூச்சிதான் போகலாம். கரையான் போகக் கூடாதுன்னுதான் அந்த வலை."

"நம்ம காட்ல சருகைத் தின்றதே கரையான்தானே. புத்துக்குப் பால் ஊத்தறோம், முட்டை வைக்கிறோம். கணக்குல மட்டும் சேக்க மாட்டாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கீழே விழுந்த இலையையும் குச்சியையும் இழுத்துப் போய், மென்று, புற்றுக்குள் அதன்மேல் பூஞ்சை வளர்த்து உண்கிற கரையான் இனங்கள் நம் மண்ணில் உண்டு. மழைக்குப் பிறகு நாம் பறித்துச் சமைக்கிற புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் உலர்ந்த காட்டுக்கு மழையில்லாத மாதங்களில் ஈரத்தையும் பசியையும் சேர்த்துச் சுமந்து திரிகிற உயிரை, குளிர்நாட்டு முறை ஒன்று 'சேதம்' என்று தள்ளிவைக்கிறது என்பதை அந்தப் பையன் சொல்லும்வரை நான் யோசித்ததில்லை. முறையில் பிழை இல்லை. அது நுண்ணுயிரை அளக்க வந்தது, நன்றாகவே அளக்கிறது. எங்கள் காட்டின் பாதிக் கதை அந்த வலைக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

பையனின் கேள்வியை அவன் சொன்னபடியே எழுதி, கீழே ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் வைத்து அனுப்பினோம். பாலும் முட்டையும் உட்பட. பத்து நாளில் பதில் வந்தது. அவர்கள் யாரும் கரையானை நேரில் பார்த்ததில்லையாம். அவர்கள் பைகளுக்கும் விபத்து: காட்டுப்பன்றி கிளறிப்போட்டிருந்தது. அதையும் 'சேதம்' என்று ஓரம் வைத்துவிட்டார்கள். "பன்றி கிளறுவதும் எங்கள் காட்டின் வேலைதானோ என்று இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். என் வகுப்பில் அன்று கைதட்டல்.

இன்னொரு விஷயமும் அந்தக் கடிதத்தில் இருந்தது. அவர்கள் எண்களைப் பார்த்தால், எங்கள் மேட்டைவிட அவர்கள் குளிர்ந்த மண்ணில் தேயிலை அதிகம் மக்கியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இது அவமானமாகப் போய்விட்டது. "இங்கதானே வெயில் கொளுத்துது, நம்மளுதுதானே சீக்கிரம் மக்கணும்?" சூடு மட்டும் போதாது, ஈரம் வேண்டும் என்பதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் பல வருஷம் படித்துக் காட்டியிருக்கிறேன். அன்றுதான் அது ஒரு சண்டையாக வந்தது. சித்திரையில் புதைத்தது தப்பு, ஐப்பசிக்கு முன் புதைத்திருக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய வசந்தத்துக்கு எங்கள் நாட்காட்டியை ஒட்டவைத்த குற்றம் என்னுடையது.

அந்தப் பள்ளி இருப்பது வேலுவே என்னும் பகுதியில். நெதர்லாந்து என்றால் துலிப் பூவும் கால்வாயும் என்று நினைத்திருந்தோம். அவர்கள் அனுப்பிய ஒரு படத்தில் மணல் மட்டும் இருந்தது. பாலைவனம் மாதிரி. நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மேய்த்ததும், எருவுக்காகப் புல்தரையைப் பெயர்த்து எடுத்ததும் சேர்ந்து அங்கே மண்ணைக் கட்டவிழ்த்துவிட்டன. மணல் பறந்து வயல்களை மூடியது. அதைக் கட்டுப்படுத்த ஸ்காட்ஸ் பைன் மரங்களை வரிசையாக நட்டார்கள். 1899-இல் அரசு வனத்துறை ஒன்றை அமைத்ததற்கு இந்த மணலும் ஒரு காரணம். கோட்வைக் என்ற இடத்தில் இன்றும் மணல்வெளியை மூடாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.

"அவங்களுக்கும் சித்தர் சாபமா டீச்சர்?"

ஆட்டுச் சாபம் என்றேன். பைன் அவர்களுடைய வேலைக்கார மரம். அதோடு நிற்கவில்லை. பைன் சருகு மண்ணைப் புளிக்கவைக்கிறதே, இலை நன்றாக மக்கட்டும் என்று வட அமெரிக்காவிலிருந்து ஒரு காட்டுச் செர்ரியைக் கொண்டுவந்து அதன் அடியில் நட்டார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் போட்டன. இன்று அதற்கு டச்சு மொழியில் 'போஸ்பெஸ்ட்' என்று பெயர், காட்டுக் கொள்ளைநோய் என்று பொருள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வருஷத்தில் ஒருநாள் போய் அதன் கன்றுகளைப் பிடுங்குகிறார்களாம். எங்கள் பிள்ளைகள் வேலிகாத்தான் வெட்டிய படத்தைப் பதிலுக்கு அனுப்பினார்கள். யார் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்ற கேள்வி அதோடு காணாமல் போனது. இரண்டு கெட்டுப்போன மண், இரண்டு அவசர மருந்து, இரண்டு பக்கவிளைவு.

இதற்கிடையில் மேற்பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி மேசையில் இருந்த பைகளைப் பார்த்து, "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் வேலை அவருக்கு. அன்று சாயந்திரம் பைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதில் ஒன்றை எடுத்துத் தேநீர் போட இருந்தார், நல்ல வேளை.

சர்வதேசம் என்று எந்தக் கோப்பிலும் பதியாத ஒரு பாடத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பில் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கோயில் காட்டில் மரங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது பாலை மரத்தடியில் உதிர்ந்திருந்த பழத்தை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டாள். மறுநாள் தன் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா மரத்தைத் தடவிப் பார்த்தார். "இது எங்கட பாலை. வன்னியில ஆனி ஆடியில காடு முழுக்கப் பழம். தின்டா உதடு ஒட்டும், பிள்ளையள் எண்ணெய் பூசிக்கொண்டு தின்னுங்கள்" என்றார். காட்டுக்குள் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகக் காட்டினார்: வீரை, கருங்காலி. முதிரை எங்கே என்று தேடினார். அது எங்கள் துண்டுக் காட்டில் இல்லை.

இலங்கையின் உலர் வலயக் காட்டிலும் எங்கள் கரைக் காட்டிலும் ஒரே மரங்கள் பல. இதை நான் படித்திருந்தேன். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காட்டின் துண்டுகள் என்பதை அந்த அம்மா அரை மணியில் நடந்து காட்டினார். பாலை நிதானமாக வளர்கிற மரம். சப்போட்டாவை அதன் வேர்க்கன்றில்தான் ஒட்டுக் கட்டுவார்கள், அவ்வளவு உறுதி. நாற்றுப் பையில் அந்த அம்மா விதைத்த பாலை விதைகளில் மூன்று முளைத்தன. ஒன்று ஐயனார் கோயில் எல்லையில் இருக்கிறது. பல வருஷம் ஆகியும் என் இடுப்பைத் தாண்டவில்லை. அந்தப் பெண் இப்போது முகாமில் இல்லை.

கரையான் கேள்விக்கு விடை என்னவென்றால், அடுத்த சுற்றில் பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே தைத்தார்கள். வெங்காயச் சாக்கின் சிவப்பு வலை, கரையான் தாராளமாகப் போகலாம். அதற்குள் எடை போட்ட வீரைச் சருகு. பக்கத்திலேயே அதே சருகு, கொசுவலையில் கட்டியது, கரையான் போக முடியாதது. டச்சுப் பிள்ளைகள் ஆரஞ்சுப்பழம் வருகிற வலையில் தங்கள் பீச் மரத்து இலையை வைத்தார்கள். தேநீர்ப் பையும் கூடவே புதைந்தது, உலகக் கணக்குக்காக. ஐப்பசிக்கு முன் புதைத்துத் தை பிறந்ததும் எடுத்தோம். கோயில் காட்டு வெங்காயச் சாக்கில் கொஞ்சம் காம்பும் நிறையச் செம்மண்ணும் இருந்தன. கொசுவலைக்குள் இலை கறுத்து, நரம்பு தெரிய, இலையாகவே இருந்தது. கேள்வி கேட்ட பையன் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்ற படம் என்னிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அறிவியலில் தேறிவிட்டான், ஓரளவு மார்க்தான். இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறான்.

இதைப் படிக்கிற ஆசிரியர் யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் செலவு அதிகமில்லை. வெங்காயச் சாக்கு, கொசுவலைத் துண்டு, ஐஸ் குச்சி, கொட்டாங்குச்சி. உங்கள் ஊர்க் கோயில் காட்டின் சருகையே எடுத்துக்கொள்ளுங்கள், பூசாரியிடம் கேட்டுவிட்டு. சருகை வெயிலில் மொரமொரவென்று காயவைத்த பிறகுதான் எடை போட வேண்டும், புதைக்கும்போதும் எடுத்த பிறகும். தராசுக்கு அடகுக் கடைக்குப் போகலாம், கேட்டால் தருவார்கள். மாசக் கடைசியில் மட்டும் போகாதீர்கள், கூட்டமாக இருக்கும்.